ரெண்டாவது கியர்

ஓசூர் சிப்காட் பின்பக்கம் காயலான் கடையில்
எடைக்கு எடுத்தேன் இந்த மோட்டாரை.
ஃபோர்க்லிஃப்டில் இருந்து கழற்றியது, நாற்பத்தொரு கிலோ.
தகட்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது
மீதியை விரலால் தடவிப் படித்தேன்:
எழுபத்திரண்டு வோல்ட்.
நிற்காமல் ஓடினால் முப்பத்தைந்து நியூட்டன் மீட்டர்.
அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்கும்,
கொஞ்ச நேரத்துக்கு.

ஆம்னியின் எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கிய அன்று
தஸ்தகீர் கேட்டான்:
"கியர்பாக்ஸையும் எடுத்துடவா?"
மோட்டாருக்கு எதுக்குக் கியர் என்பது அவன் கட்சி.
பெட்ரோல் வண்டி மாதிரி
உறுமி, சூடேறி, மனசு வந்து இழுக்கிறதில்லை இது,
நின்ற நிலையிலேயே
இருப்பதை எல்லாம் கொட்டிவிடுகிற பிறவி.
"கரியனஅள்ளி மேடு இருக்கே" என்றேன்.
"சரி, ரெண்டாவதுலயே பூட்டிடலாம்,
கிளட்ச் வேணாம், மிதிக்கிற வேலை மிச்சம்."

கிளட்ச் தட்டின் நடுப்பல்லை மட்டும் அறுத்தெடுத்து
மோட்டார் தண்டோடு சேர்க்க ஒரு குழல் கடைந்தான்.
டயல் கேஜ் முள் ஒரு முடியளவு ஆடியது.
அந்த ஒரு முடிக்கு மூன்று நாள்,
லேத்துக்கு நானூறு ரூபாய் கரண்ட்,
பட்டறைக்குள் பேச்சே கிடையாது.

முதல் மிதி.
டக்.
மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியது,
வண்டி கோயில் மாடு மாதிரி நின்றது.
எட்டு மில்லி கீ ரெண்டாய்ப் போயிருந்தது.
வெட்டிய இடம் பளபளவென்று.
"பலம் பத்தலைன்னா வண்டி போகாது, தெரியும்.
அதிகமானாலும் போகாதுன்னு இப்பதான் பாக்குறேன்"
என்று துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தான்.

புது கீ போட்டு,
லேப்டாப் இரவல் வாங்கி,
கன்ட்ரோலருக்குள் ஒரு எண்ணை மாற்றினோம்:
பூஜ்யத்தில் இருந்து முழுசுக்கு ஒன்றரை வினாடி.
ராயக்கோட்டை சாலை சமதரையில்
சத்தமே இல்லாமல் போனது வண்டி.
ரெண்டு நாய்கள் துரத்த மறந்து பார்த்தன.

மேட்டில், முழுப் பாரத்தில்,
பாதி வழியில் வார்னிஷ் வாசம்.
வெப்பமானி நூற்றுப் பதினெட்டு.
இறங்கிக் கல் போட்டேன் சக்கரத்துக்கு.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் பில்லின் பின்னால் கணக்கு:
ட்ரே இருபத்திரண்டு, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ,
வண்டி, பேட்டரி, நான்,
எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு.
எட்டுக்கு ஒன்று ஏற்றம்.
சக்கரத்துக்கு வேண்டியது ஐந்நூற்றுச் சொச்சம்.
ரெண்டாவதில் போனால் மோட்டார் ஐம்பத்தொன்று தரணும்,
முதல் கியரில் முப்பத்திரண்டு.
தகட்டில் இருப்பது முப்பத்தைந்து.
மூன்று மிச்சம்!
வேகம் மணிக்கு இருபத்திரண்டு.
தக்காளிக்கு என்ன அவசரம்.

பூட்டைப் பிரித்தோம். தஸ்தகீர் முணுமுணுத்தான்,
ஆனாலும் கியர்க் கம்பிக்குப் புது புஷ் அவனே போட்டான்,
காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை விடியலில் முதல் கியரில் ஏறினேன்
இருபத்திரண்டு ட்ரேயோடு.
எழுபத்தொன்றைத் தாண்டவில்லை சூடு.
ஓரத்தில் கொட்டிக் கிடந்த பழத்தைக்
கவனிக்கவில்லை, முள்ளையே பார்த்திருந்தேன்.

மண்டியில் ட்ரே நாற்பது ரூபாய்.
பறிகூலிக்கே காணாது.
முனிவெங்கட்டம்மா போனில் சொன்னாள்:
"நாளைக்கு வராதேம்மா, செடியிலேயே விட்டுடறேன்."

சரக்கை இறக்கிவிட்டுக் கீழே வந்து
ஒருமுறை சும்மா திரும்பி ஏறிப் பார்த்தேன்,
ட்ரே இல்லாமல்.
ரெண்டாவதிலேயே முப்பத்தொன்று போதுமாயிருந்தது,
சூடு இல்லை, வாசம் இல்லை.

தஸ்தகீருக்குப் போன் போட்டுச் சொன்னேன்:
நீ சொன்னது சரிதான்ப்பா,
காலி வண்டிக்கு.